ஒரு துளைக்கு ஒரு வைரஸ்

அந்த ஆய்வகத்தில் அவளுக்கு முதலில் வைத்த பட்டப்பெயர் ‘இன்னொரு தடவை’. யார் எந்த முடிவைக் கொண்டுவந்து காட்டினாலும், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் “இன்னொரு தடவை பண்ணிப் பாத்துடலாமே” என்பாள். கேட்டவர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அவள் கணவனின் தங்கையே அங்கு வேலைக்குச் சேர்ந்து, நாள் முழுக்க அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்ததில், உறவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள்கூட அவளை அண்ணி ஆக்கிவிட்டார்கள். அவளைவிட வயதில் வெகு மூத்த ஆய்வகத் தலைவரே ஒருநாள் வாய் தவறி, “அண்ணி, அந்த ரிப்போர்ட் என்னாச்சு?” என்று கேட்டுவிட்டுக் காது சிவந்துபோனார்.

அண்ணி ஆராய்ந்தது தவளைகளைத் தாக்கும் ஒரு வைரஸை. அது புகுந்த குளத்தில் தவளைகள் வயிறு மேலே தெரிய மிதக்கும், நாற்றம் தெருவரைக்கும் வரும். அப்பேர்ப்பட்ட வைரஸிடம் இருப்பது மொத்தமே நூற்றுச் சொச்சம் மரபணுக்கள். நமக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் இருந்தும் காலையில் சாவியைத் தேடிக்கொண்டு நிற்கிறோம். அந்தத் துக்கடாப் பயல் நூற்றை வைத்துக்கொண்டு ஒரு செல்லுக்குள் நுழைந்து, அங்கிருக்கிற தட்டுமுட்டுச் சாமானையெல்லாம் தனதாக்கி, தன்னைப் போலவே ஏராளமாகச் செய்துகொண்டு வெளியே வந்துவிடுகிறான். அதை நினைத்தால் அண்ணிக்கு இத்தனை வருஷம் கழித்தும் மலைப்பாகத்தான் இருக்கும். எதிரிதான், ஆனாலும் கெட்டிக்காரன்.

அந்த நூற்றில் எவை இல்லாவிட்டால் வைரஸால் பெருகவே முடியாது, எவை வெறுமனே ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருக்கின்றன என்று பிரித்துச் சொல்வதுதான் அந்த ஆய்வகத்தின் வேலை. இன்றியமையாத மரபணு எது என்று தெரிந்தால் அங்கே கையை வைக்கலாம், தவளைகளைக் காப்பாற்ற வழி பிறக்கும். அண்ணியின் கணவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். அவன் இதைச் சாப்பாட்டு மேஜையில் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டான்.

“பஸ்ஸுல ரேடியோவைக் கழட்டினா பஸ் ஓடும். ஸ்டியரிங்கைக் கழட்டினா ஓடாது. அவ்வளவுதானே? இதுக்கா அஞ்சு வருஷம்?”

“எது ரேடியோ, எது ஸ்டியரிங்னு மேல எழுதி ஒட்டியிருந்தா ஒரே நாள்ல முடிச்சிருப்பேன்” என்றாள் அண்ணி.

வைரஸ் தனியாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். இங்கே மீனின் செல்களை வளர்த்தார்கள். ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஆறு கிண்ணங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மீன் செல்கள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். அதன் மேல் வைரஸ் கரைசலை விட்டுச் சில நாள் வைத்தால், வைரஸ் விழுந்த இடத்தில் சுற்றியுள்ள செல்கள் செத்து வட்டமாக ஒரு துளை விழும். ஊதாச் சாயத்தை ஊற்றிக் கழுவினால் உயிரோடிருக்கும் செல்கள் ஊதாவாகவும், துளைகள் வெறும் பிளாஸ்டிக்காகவும் தெரியும். ஒரு துளை இருந்தால் அங்கே ஒரு வைரஸ் விழுந்தது என்று கணக்கு. ஒரு துளைக்கு ஒரு வைரஸ். அந்தத் தொழிலில் இருப்பவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

ஆய்வகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மரபணு இன்றியமையாதது என்று யார் நிரூபிக்கிறார்களோ அவர்களே அதற்குச் செல்லப்பெயர் வைக்கலாம். நுழைவாசலில் ஒரு வெள்ளைப் பலகை, அதில் அழியாத மையில் தங்கள் கையால் எழுதலாம். அண்ணியின் மரபணுவுக்கு ‘அச்சாணி’ என்று பெயர். அதற்காக அவள் வைரஸில் ஒரு நுட்பமான ஊனத்தை உண்டாக்கினாள். குளிரில் அந்த மரபணு வேலை செய்யும், கொஞ்சம் சூடு கூடினால் படுத்துவிடும். குளிரில் வைத்தபோது தட்டெல்லாம் துளை, சூட்டில் வைத்தபோது ஒன்றுகூட இல்லை. ஆகவே அச்சாணி இல்லாமல் வைரஸ் இல்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று ஐந்து வருஷம் செய்து பார்த்துவிட்டுத்தான் பலகையில் எழுதினாள்.

அது போதாதென்று ஒன்றரை வருஷம் செலவழித்து, அச்சாணியின் வேலையைத் தாங்களே செய்யும் மீன் செல்களையும் உண்டாக்கி வைத்தாள். அச்சாணியை அடியோடு இழந்த வைரஸ் ஒன்று என்றைக்காவது கிடைத்தால், அது மற்ற செல்களில் வளராது, இந்தச் செல்களில் மட்டும் வளரும், அதுதான் மறுக்க முடியாத சாட்சி என்பது அவள் எண்ணம். ஆனால் அப்படி ஒரு வைரஸை வெட்டியெடுக்க அவள் கைக்கு வரவில்லை. செல்கள் உறைகலத்தில் தூங்கின. தலைவர் அந்தக் குப்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

இனி நாத்தனாரைச் சொல்ல வேண்டும். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். அண்ணனைவிட ஒரு சாண் உயரம் என்பது வேறு விஷயம். அண்ணி ஆமை என்றால் குட்டி சூறாவளி. அவள் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பிப்பெட்டைப் பிடித்து வேலை செய்வதைப் பார்க்கவே பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு சொட்டு அதிகமாகாது, குறையாது. கை எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கக்கூட மாட்டாள், வாய் பாட்டுக்குக் கதை பேசிக்கொண்டிருக்கும். அண்ணி தன் மேஜையிலிருந்து அந்தக் கைகளைப் பார்ப்பாள். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொறாமையைவிட அதிகமாக ஒரு சந்தோஷம், நம் வீட்டுப் பிள்ளை என்கிற சந்தோஷம் இருந்தது.

அண்ணியால் முடியாததைக் குட்டி சில மாதங்களில் செய்தாள். அச்சாணியை அடியோடு வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் பச்சையாக ஒளிரும் ஒரு மரபணுவைச் சொருகினாள். நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னினால் அந்த வைரஸில் அச்சாணி இல்லை என்று அடையாளம். அப்படி ஒரு வைரஸ் வளரக் கூடாது. அது வளர்ந்தது. சாதாரண மீன் செல்களில், தட்டு நிறையத் துளைகள். அத்தனையும் பச்சை, ஒன்றுகூட வேறு நிறமில்லை.

தன் சொந்தக் கண்ணை நம்பாமல் குட்டியே மூன்று முறை ஒற்றைத் துளையிலிருந்து வைரஸை எடுத்து, அதிலிருந்து மறுபடி ஒற்றைத் துளையை எடுத்துச் சுத்தப்படுத்தினாள். மரபணுத் துணுக்கைப் பிரதியெடுத்துக் கோடாகக் காட்டும் பிசிஆர் சோதனையிலும் அச்சாணி இல்லை என்றே வந்தது. அச்சாணிக்கான இடத்தில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தது உண்மை. ஆனால் அந்த ஆய்வகத்தில் வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தாலும் அந்தக் கோடு வரும். ஐந்து வருஷமாக அண்ணி அந்த ஒரே மரபணுவைக் கோடி கோடியாகப் பிரதியெடுத்ததில், அதன் துணுக்குகள் காற்றிலும் மேஜையிலும் படிந்து கிடந்தன. அந்தக் கோட்டுக்கு ‘அண்ணி தூசி’ என்று பெயர். அதை யாரும் சட்டை செய்வதில்லை.

வாராந்திரக் கூட்டத்தில் குட்டி படங்களைக் காட்டி முடித்தாள். எல்லோரும் பலகையை நினைத்தார்கள், அழியாத மையை நினைத்தார்கள். அச்சாணி என்று பெயர் வைத்தது ஒரு ஓட்டை ரேடியோவுக்கா?

“அப்ப என் வைரஸ் சூட்டுல ஏன் வளரல?” என்று அண்ணி கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“அதுல வேற எங்கயாவது ரெண்டாவது கோளாறு இருந்திருக்கலாம் அண்ணி” என்றாள் குட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு. நியாயமான பதில். அண்ணி அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பாள்.

தலைவர் இருப்புக்கொள்ளாமல் தவித்தார். குட்டியின் தற்காலிக வேலை அந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த மாதம் ஒரு குழு வருகிறது, அவர்கள் நினைத்தால் நிரந்தரமாக்கலாம். “இதை அவங்க முன்னாடி வை. உனக்கு வேலை உறுதி” என்றார். குட்டி தலையாட்டினாள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் மாமியார் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அண்ணி மனதைத் தேற்றிக்கொண்டாள். தோற்றால் இப்படி ஒரு கையிடம் தோற்பதில் அவமானமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி நம்பவும் செய்தாள். அப்படியிருக்கும்போதுதான், தொட்டியருகே கையைக் கழுவப் போனவளின் கண்ணில் குட்டியின் பழைய தட்டுகள் பட்டன. சாயம் ஏற்றி, எண்ணி முடித்து, எறிவதற்காக அடுக்கி வைத்திருந்தாள்.

ஆறு கிண்ணங்களிலும் ஒரே வைரஸ்தான் விடுவார்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் முந்தையதைவிடப் பத்து மடங்கு நீர்த்து விடுவார்கள். ஆகவே ஒரு கிண்ணத்தில் நூற்றுக்கணக்கில் துளை இருந்தால் அடுத்ததில் பத்துக்கணக்கில் இருக்கும், அதற்கடுத்ததில் விரல்விட்டு எண்ணலாம். எண்ணுவதற்கு வசதியான ஒரு கிண்ணத்தை மட்டும் எண்ணிவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம், குட்டி மாதிரி வேகக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். அண்ணி பார்த்த தட்டில் ஒரு கிண்ணம் பூச்சி அரித்த துணிபோல் துளையாகக் கிடந்தது. அடுத்த கிண்ணத்தில் நாலைந்து. அதற்கடுத்தது முழு ஊதா. நடுவில் ஒரு படியைக் காணோம்.

அடுத்த தட்டை எடுத்தாள். அதிலும் அப்படியே. பத்து மடங்கு நீர்த்தால் துளைகள் நூறு மடங்கு குறைந்தன.

ஒரு துளைக்கு ஒரு வைரஸ் என்றால் இப்படி வராது. ஒரு துளைக்கு இரண்டு வைரஸ் வேண்டியிருந்தால்தான் இப்படி வரும். இரண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். இரண்டும் பத்துப் பத்து மடங்கு குறைந்தால், ஒரே இடத்தில் சந்திப்பது நூறு மடங்கு அரிதாகும். அப்படியானால் குட்டியின் குப்பியில் இருப்பது ஒரு வைரஸ் இல்லை. ஒன்றில் அச்சாணி வெட்டப்பட்டிருக்கிறது. இன்னொன்றில் பச்சை மரபணு இடம் மாறி வேறெங்கோ போய்ச் சொருகிக்கொண்டு, வேறு ஏதோ முக்கியமான மரபணுவைக் கெடுத்திருக்கிறது. தனித்தனியே இரண்டுமே செத்த பாம்பு. ஒரே செல்லுக்குள் சேர்ந்து விழுந்தால், இதற்கு இல்லாததை அது கொடுக்கிறது, அதற்கு இல்லாததை இது கொடுக்கிறது. இரண்டும் பிழைத்துக்கொள்கின்றன. இரண்டும் பச்சை. துளையிலிருந்து எத்தனை முறை சுத்தப்படுத்தினாலும் இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வரும்.

அடப்பாவி, என்று வைரஸைப் பார்த்து அண்ணி வாய்விட்டே சொன்னாள். என்ன ஒரு தந்திரம்! பிறகுதான் அந்த மங்கலான கோடு நினைவுக்கு வந்தது. அது அவள் தூசி இல்லை. அந்த இரண்டாவது வைரஸின் அச்சாணி. ஐந்து வருஷமாக இந்த அறையை அழுக்காக்கி, அந்தக் கோட்டை யாரும் மதிக்காதபடி செய்தது யார் என்று நினைத்தபோது அவளுக்குச் சுருக்கென்றது.

அந்தக் கணமே குட்டியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். அடுத்த அறையில்தான் இருந்தாள், சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணி தட்டுகளை இருந்தபடியே அடுக்கி வைத்துவிட்டு வந்தாள். தான் சொன்னால் தன் அச்சாணி பிழைக்கிறது, குட்டியின் வேலை போகிறது. இதை உலகத்தில் வேறு யார் சொன்னாலும் விஞ்ஞானம், தான் சொன்னால் வயிற்றெரிச்சல்.

வீட்டிலும் விடவில்லை. மாமியார் தட்டை மேஜையில் வைத்தபடி, “இதோ பாரும்மா, உன்னைத் தப்பா சொல்லல. ஆனா அவளுக்கு இப்பத்தான் ஒண்ணு கைகூடி வந்திருக்கு. அவகிட்டப் போயி உன் இன்னொரு தடவையை ஆரம்பிச்சுடாதே” என்றார். அண்ணி சாப்பாட்டை விழுங்கினாள், வார்த்தையையும் சேர்த்து.

மறுநாள் காலை கணவனின் பேருந்திலேயே, அவன் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் விஷயத்தைச் சொன்னாள். அவன் இன்ஜினை அணைத்துவிட்டு முழுதாகக் கேட்டான்.

“அதாவது, ஒரு பஸ்ல இன்ஜின் இல்ல, இன்னொண்ணுல ஸ்டியரிங் இல்ல. ரெண்டையும் கட்டி இழுத்துக்கிட்டுப் போறானுங்க. இவ பாத்துட்டு இன்ஜினே தேவையில்லன்னு சொல்றா.”

“ஆமா.”

“சொன்னா என் தங்கச்சி அழுவா. சொல்லலைன்னா நீ அழுவே. நான் என்ன சொல்றது? என்னை உங்க ரெண்டு பேருக்கு நடுவுல மாட்டிவிடாதே, சாமி.” அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை, பாவம். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு நாள் இரண்டு நாளாகி, வாரமாகிவிட்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தாள். கடைசியில் குட்டியே வந்தாள். மதிய நேரம், செல் வளர்க்கும் அறையில் இருவர் மட்டும். குட்டியின் கண்கள் வீங்கியிருந்தன.

“அண்ணி, நான் இந்தப் பேப்பரை வெளியிடலை. குழு முன்னாடியும் வைக்கப் போறதில்ல.”

“என்னாச்சு?”

“அந்தப் பலகையைத் தாண்டி உள்ள வரும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் வரேன். உங்க அஞ்சு வருஷத்தை நான் ஒரே தள்ளுல தள்ளிட்டேன். வேலை வேற எங்கயாவது கிடைக்கும். எனக்கு நீங்கதான் முக்கியம்.”

அண்ணி கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தாள். தன் வேலையையே அண்ணிக்காகத் தூக்கிப் போடத் தயாராக நிற்கிறாள் இந்தப் பெண், தான் ஒரு வார்த்தையைக் கொடுக்க ஒரு வாரமாகக் கணக்குப் பார்க்கிறோமே என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எனக்காக நிறுத்தாதே, குட்டி. ஆனா நிறுத்து. உன் குப்பியில ரெண்டு வைரஸ் இருக்கு.”

எல்லாவற்றையும் சொன்னாள். காணாமல் போன படியைச் சொன்னாள், மங்கலான கோட்டைச் சொன்னாள். குட்டி மின்னல்தான், பாதியிலேயே புரிந்துகொண்டாள். முகம் வெளுத்தது. ஆனால் அவள் கேட்டது வைரஸைப் பற்றி இல்லை.

“எப்ப பாத்தீங்க?”

“போன வாரம்.”

“ஒரு வாரமா தெரிஞ்சும் சொல்லலையா?”

“நான் சொன்னா...”

“பொறாமைன்னு நினைப்பேன்னு பயந்தீங்க. அப்படித்தானே? நான் அவ்வளவுதான்னு நினைச்சீங்களா அண்ணி?” குரல் உடைந்தது. “என் ரிசல்ட் தப்புன்னு சொன்னது வலிக்கல. சொல்லாம இருந்தீங்களே, அதுதான்.”

கையுறைகளைக் கழற்றித் தொட்டியில் எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணி புட்டியை எடுத்து மூடியைத் திருகினாள்.

அதன் பிறகு வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணன் வழியாகத்தான் போனது, வந்தது. ஆய்வகத்தில் குட்டி காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தலை நிமிராமல் வேலை பார்த்தாள். என்ன செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. கதை பேசுவதில்லை. குழுவுக்கு முன் என்ன வைக்கப் போகிறாள் என்று தலைவர் கேட்டதற்கு, “வைக்கும்போது பாருங்க சார்” என்றாளாம். பழைய முடிவையே கோபத்தில் வைத்துவிடுவாளோ? அப்படி வைத்தால், எழுந்து மறுக்கத் தனக்குத் தைரியம் வருமா?

இதற்கிடையில் ஒருநாள் உறைகலத்தைத் திறந்தவள், தன் செல்கள் இருந்த குப்பிகளில் ஒன்று காணாமல் போயிருப்பதைப் பார்த்தாள். ஒன்றரை வருஷ உழைப்பு. யார் எடுத்தது என்று கேட்கலாமென்று வாயெடுத்தாள். குட்டியின் முதுகு தெரிந்தது. கேட்காமல் மூடினாள். ஏதோ ஒரு நம்பிக்கை, அதற்குப் பெயர் தெரியவில்லை.

குழு வந்தது. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்த அம்மாள் நரைத்த தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு, எதற்கும் முகம் மாறாமல் இருந்தார். அண்ணி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குட்டி எழுந்து, பழைய பச்சைத் துளைகளின் படத்தை முதலில் போட்டாள்.

“இந்த ஜீன் இல்லாமலே வைரஸ் வளருதுன்னு போன மாசம் சொன்னேன். அது தப்பு. எப்படித் தப்புன்னு காட்டத்தான் வந்திருக்கேன்.”

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். குட்டி அசரவில்லை. அடுத்த படத்தில் காணாமல் போன படி. அதற்கடுத்து அண்ணியின் செல்கள். அச்சாணியைத் தாங்களே செய்யும் அந்தச் செல்களில் தன் கலவையை நீர்த்து விட்டபோது, இரண்டில் ஒன்று மட்டும் துணையில்லாமல் தனியே வளர்ந்திருந்தது. அச்சாணியை இழந்த வைரஸ், முதல் தடவையாகச் சுத்தமாக, ஒற்றையாக. அதை எடுத்துச் சாதாரண செல்களில் விட்டால் முழு ஊதா, ஒரு துளை கிடையாது. அண்ணியின் செல்களில் விட்டால் தட்டு முழுக்கத் துளை. ஐந்து வருஷமாக அண்ணி தேடிய மறுக்க முடியாத சாட்சி திரையில் இருந்தது. அண்ணியால் வெட்ட முடியாத வைரஸும், குட்டியால் செய்ய முடியாத செல்லும் அதில் சேர்ந்திருந்தன.

“அச்சாணி இல்லாம இந்த வைரஸ் இல்ல. அண்ணி சொன்னது சரி” என்றாள் குட்டி. குழுவினருக்கு அண்ணி யாரென்று புரியவில்லை, மற்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “கலவையில இருக்கிற அந்த இன்னொரு வைரஸோட மரபணு வரிசையையும் படிச்சுப் பாத்தேன். பச்சை ஜீன் போய்ச் சொருகிக்கிட்ட இடம், இது வரைக்கும் யாரும் கவனிக்காத ஒரு ஜீன். அது கெட்டதாலதான் அந்த வைரஸும் தனியா வளரல. அதுவும் இல்லாம முடியாது.”

அண்ணியால் உட்கார முடியவில்லை. தன் முடிவைத் தானே இடித்துத் தள்ளி, இடிந்த இடத்தில் தோண்டி, இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறாள்! அதுவும் இந்த மூன்று வாரத்தில், வாயைத் திறக்காமல். அப்பேர்ப்பட்ட வேகம் இப்படி ஒரு நேர்மையோடு சேர்ந்தால் அதற்கு முன்னால் யார் நிற்க முடியும் என்று தோன்றியது. கண் கலங்கியதை மறைக்கக்கூடத் தோன்றவில்லை.

நரைத்த தலை அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். “வேலை கேட்டு வந்த இடத்துல தன் ரிசல்டைத் தானே உடைச்சுக் காட்டுறவங்களை நான் பாத்ததில்ல. இவங்களை விட்டா நமக்குத்தான் நஷ்டம்” என்றார் தலைவரிடம். தலைவர் அத்தனைக்கும் தானே காரணம் என்பதுபோல் தலையாட்டினார். “அப்ப புது ஜீனுக்கு என்ன பேரு? இப்பவே பலகையில எழுதிடலாமே” என்றார் குட்டியிடம்.

“இப்ப வேண்டாம் சார். இன்னொரு தடவை பண்ணணும்.”

ஆய்வகமே கொல்லென்று சிரித்தது. குட்டி சிரிக்கவில்லை. கொண்டுவந்திருந்த பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து, ஒற்றை வைரஸ் ஒன்றிலும் பழைய கலவை இன்னொன்றிலுமாக இரண்டு சின்னக் குழாய்களை எடுத்துக்கொண்டு, வரிசைகளைத் தாண்டி வந்து அண்ணியின் முன்னால் வைத்தாள்.

“நான் இல்ல. நீங்க பண்ணுங்க. உங்க கையில வரலைன்னா எனக்கும் வரலைன்னுதான் அர்த்தம்.”

கூட்டம் கலைந்த பிறகு நடைபாதையில் அண்ணி அவள் கையைப் பிடித்தாள். “அந்த ஒரு வாரம், குட்டி. தப்பு என்மேலதான். பயந்துட்டேன்.”

“தெரியும். அதுக்கு அபராதமாத்தான் உங்க செல்லைக் கேக்காம எடுத்துக்கிட்டேன். இனிமே எதைப் பாத்தாலும் உடனே சொல்லணும். சரியா?”

“உடனே சொல்றேன்.”

அண்ணி தன் வேகத்திலேயே செய்தாள். யார் வந்து எட்டிப் பார்த்தாலும் அவசரப்படவில்லை. ஒற்றை வைரஸையும் கலவையையும், சாதாரண செல்களிலும் தன் செல்களிலும் நீர்த்து நீர்த்து விட்டாள். ஆறு கிண்ணத்தையும் எண்ணினாள், ஒன்றையும் விடவில்லை. சாயத்தைக் கழுவிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்தபோது, குட்டி பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சாதாரண செல்களில் தனித்தனியே விழுந்த இடத்தில் கறைபடாத ஊதா. சேர்ந்து விழுந்த இடத்தில் மட்டும் வட்ட வட்டமாகத் துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம். ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து மேலே வந்த அந்த இரண்டு நொண்டி வைரஸ்களையும் அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

“சொல்லுங்க அண்ணி. இன்னொரு தடவைதானே?”

“வேண்டாம். வந்திடுச்சு. போய் எழுது.”

குட்டி நம்பவில்லை. அண்ணி பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையில் திணித்த பிறகுதான் ஓடினாள். ஆய்வகம் முழுக்க வாசலில் கூடியது. அச்சாணி என்ற எழுத்துக்குக் கீழே, அவசர அவசரமாக, ‘துணை’ என்று எழுதிவிட்டு மூடியைப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பலகையை உற்றுப் பார்த்தாள்.

“குட்டி, எழுத்து கோணலா இருக்கு.”

“அழியாத மை அண்ணி! எழுதி முடிச்சதுக்கு அப்புறமா சொல்வீங்க?”

“இப்பத்தானே பாத்தேன். உடனே சொல்லிட்டேன் பாரு” என்றாள் அண்ணி.